கத்தாரில் குனிந்த மனிதர்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற முடிகிறதா?

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் வந்தது. ரசிகர்கள் முன்னால் கோட்டு சூட்டோடு ஒருவர் இடுப்பு வரை குனிந்து நிற்கிறாரே, "யாருடா இவர், எங்கே பார்த்தாலும் இந்தப் படம்தான்" என்று கேட்டிருந்தாய். அவர் ஹஜிமே மொரியாசு, ஜப்பான் கால்பந்து அணியின் கோச். 2022 டிசம்பர் 5, கத்தார் உலகக் கோப்பையில் குரோஷியாவிடம் பெனால்டி ஷூட் அவுட்டில் தோற்ற இரவு அது. மைதானத்தைக் கடந்து போய், அவ்வளவு தூரம் வந்த தன் நாட்டு ரசிகர்களைக் குனிந்து வணங்கினார். அந்தப் படம்தான் உலகம் முழுக்கச் சுற்றியது.

எல்லோரும் அதை ஜப்பானியப் பண்பாடு என்றார்கள். சரிதான். ஆனால் எனக்கு அந்தக் குனிவில் வேறொன்றும் தெரிகிறது. 1993 அக்டோபர் 28, அதே கத்தாரில், டோஹாவில், ஈராக்கோடு ஆட்டம். ஜெயித்தால் ஜப்பான் முதல்முறையாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெறும். 2-1 என்று முன்னிலையில் இருந்தார்கள். ஆட்ட நேரம் முடிந்து கூட்டிக் கொடுக்கும் இன்ஜுரி டைமில் ஒரு கார்னர், ஒரு தலைமுட்டு, 2-2. அவ்வளவுதான், வாய்ப்பு போயிற்று. அன்று மிட்ஃபீல்டில் ஆடிய இருபத்தைந்து வயதுப் பையன்தான் இந்த மொரியாசு. ஜப்பானில் அதை இன்றும் "டோஹா சோகம்" என்றே சொல்கிறார்கள்.

இருபத்தொன்பது வருடம் கழித்து, அதே 2022 உலகக் கோப்பையில், அதே கத்தாரில் ஸ்பெயினை 2-1 என்று வென்றபோது, கடைசி நிமிடத்தில் அந்தப் பழைய நினைவு வந்ததாக அவரே சொன்னார். அந்த நேரம் பார்த்துத் தன் ஆட்கள் பின்வாங்காமல் பந்தைப் பிடுங்க முன்னே ஓடினார்களாம். காலம் மாறிவிட்டது என்று அப்போது தோன்றியதாம். அதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இன்னொன்றும் கேள். அந்த ஸ்பெயின் ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு கோஸ்டாரிகாவிடம் 1-0 என்று தோற்றிருந்தார்கள். அதற்கு முந்தைய ஆட்டத்தில் ஜெர்மனியை வென்ற அணியில் ஐந்து பேரை மாற்றினார் என்று இணையத்தில் அவரைக் கிழித்தார்கள். ஸ்பெயினை வென்றதும் அதே இணையம் தலைமேல் தூக்கி வைத்தது. உள்ளங்கையைப் புரட்டுவது என்று ஜப்பானியர்கள் இதற்கு ஒரு சொல்லே வைத்திருக்கிறார்கள். திட்டிய நாளிலும் புகழ்ந்த நாளிலும் அந்த மனிதர் அதே நோட்டுப் புத்தகத்தில் குறிப்பு எழுதிக்கொண்டு கோட்டோரம் நின்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

அப்புறம் 2025 மார்ச்சில், போட்டியை நடத்தும் நாடுகளை விட்டுவிட்டால், 2026 உலகக் கோப்பைக்கு முதலில் தகுதி பெற்றது இவர் அணிதான். அக்டோபரில் பிரேசிலையும் 3-2 என்று முதல்முறையாக வென்றார்கள். இடைவேளையில் 0-2!

உன் மகள் பள்ளி அணிக்குக் கோச்சாக இருக்கிறாள், போன மாதம் தோற்றதற்குப் பெற்றோர் குழுவில் கண்டபடி எழுதினார்கள் என்றாயே. இந்தப் படத்தை அவளுக்கும் அனுப்பு. 1993 கதையை நீயே உட்கார்ந்து சொல்.

அன்புடன்,
உன் பழைய லெஃப்ட் விங்