முகாமிலிருந்து ஓசூர் வரும் குடும்பங்களுக்கு வாடகை வீடு: ஆட்சியருக்குக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
ஓசூர் பகுதிக் கோயில், மசூதி, தேவாலயங்களைச் சேர்ந்த உதவிக் குழுவினர்,
ஓசூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கிருஷ்ணகிரி.

பொருள்: மறுவாழ்வு முகாம்களிலிருந்து வேலைக்காக ஓசூர் வரும் இலங்கைத் தமிழர் குடும்பங்களுக்கு வாடகை வீடு கிடைக்க ஆவன செய்யக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 1983 கலவரத்துக்குப் பிறகு படகேறி வந்து, மண்டபம் முகாம் வழியாக நம் பக்கத்து அணைக்கட்டுகளின் ஓரம் குடியமர்த்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பாலிடெக்னிக்கும் நர்சிங்கும் முடித்திருக்கிறார்கள். ஊத்தங்கரை பாம்பாறு அணைப் பக்கம் அந்தப் படிப்புக்கு என்ன வேலை இருக்கிறது? சிப்காட்டை நம்பி ஓசூருக்குத்தான் வருகிறார்கள்.

வருகிறவர்களை வரவேற்க எங்களால் முடிந்ததைச் செய்கிறோம். மசூதியிலிருந்து அரிசி மூட்டை வந்துவிடும். தேவாலயத்தார் பாத்திரமும் பாயும் தருவார்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அன்னதானக் கமிட்டிக்காரர் அலைவார். (மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது ஓசூரில் வேறெதற்கும் நடந்ததாக எங்களுக்கு நினைவில்லை.) வீடு மட்டும் எங்கள் கையில் இல்லை.

அண்மையில் ஓர் இளம் தம்பதிக்கு வீட்டுக்காரர் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு சாவியும் கொடுத்துவிட்டார். அவர்கள் பால் காய்ச்ச அடுப்பைப் பற்ற வைத்த பிறகுதான் முகாம் அடையாள அட்டையின் நகலைக் கேட்டார். வாங்கிப் படித்தார். உள்ளே போய் அட்வான்ஸ் பணத்தை எடுத்து வந்து, எண்ணி, நகலின் மேல் வைத்து நீட்டினார். "உங்கள் மேல் எனக்கு ஒன்றுமில்லை தம்பி, நாளைக்குப் போலீஸ் வந்து கேட்டால் யார் அலைவது?" என்றார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. வெளிநாட்டவரைத் தங்கவைப்பவர் 'சி' படிவம் கொடுக்க வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். முகாமில் பதிவு பெற்றவருக்கும் அது வேண்டுமா, வேண்டுமென்றால் எங்கே கொடுப்பது என்று அவருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை.

2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனையிலிருந்து ஒன்றிய அரசு 2025 செப்டம்பரில் விலக்கு அளித்தது. முகாம்களில் 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரப்போவதாக மாநில அரசு 2021-இல் அறிவித்தது. இவ்வளவும் நடந்த பிறகு, ஓசூரில் ஒரு சந்து வீட்டின் கதவு திறக்காமல் இருப்பதற்குக் காரணம் சட்டம் அல்ல, அச்சம்தான். அதைப் போக்க எங்கள் வாய்ச்சொல் போதவில்லை, தங்கள் கையொப்பம் வேண்டும்.

ஆகவே, பதிவு பெற்ற முகாம் குடும்பங்களுக்கு வீடு வாடகைக்கு விடலாம், அதற்கு உரிமையாளர் செய்ய வேண்டியது இன்னது என்று எளிய தமிழில் ஒரு பக்கச் சுற்றறிக்கை வெளியிட வேண்டுகிறோம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இருந்தால் இந்த ஊருக்கு இன்னும் நல்லது. ஐயம் கேட்டு வருவோருக்குப் பதில் சொல்ல ஓசூர் சார் ஆட்சியர் அலுவலகத்தில் ஓர் அலுவலரைப் பொறுப்பாக்கித் தர வேண்டும். உதவித்தொகைக்காக முகாமில் நேரில் வந்து நிற்க வேண்டிய செக்கிங்கை ஞாயிற்றுக்கிழமையில் வைத்தால், ஷிப்டை விட்டுவிட்டு, கிருஷ்ணகிரியில் பஸ் மாறி ஓடுகிறவர்களின் ஒரு நாள் சம்பளம் மிஞ்சும்.

சுற்றறிக்கையை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். வீடு கிடைக்காமல் உறவினர் வீடுகளில் தங்கியிருக்கும் குடும்பங்களின் பட்டியலை, அவர்களது ஒப்புதலுடன், இத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
உதவிக் குழுவினர்

இடம்: ஓசூர்