51-3 கணக்கு சரிதான், 210 அடி வேலிதான் இடிக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

டெக்சஸ் மாநிலத்துச் சிறு நகரமான கார்சிகானாவின் பேஸ்பால் அணி 1902 ஜூன் 15 அன்று டெக்சர்கானாவை 51-3 என்று வென்ற ஆட்டம் பற்றிய கட்டுரையைச் சென்ற இதழில் படித்தேன். பத்தொன்பது வயது கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் நின்று பந்து பிடிப்பவர்) ஜே கிளார்க் எட்டு முறை மட்டை பிடித்து எட்டும் ஹோம்ரன் (மட்டையாளரே முழுச் சுற்று ஓடி ரன் எடுக்கும் அடி) அடித்தார் என்பதைக் கட்டுரையாளர் நம்ப மறுக்கிறார். ஒன்பது இன்னிங்ஸில் ஒருவருக்கு எட்டு வாய்ப்பு வராது என்பது அவர் வாதம். பென்சிலும் தாளும் இருந்தால் போதும், இதை இரண்டு நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

மட்டை பிடிக்க வரும் ஒவ்வொருவரும் கடைசியில் ரன் எடுப்பார், அவுட் ஆவார், அல்லது இன்னிங்ஸ் முடியும்போது பேஸில் (ஓடும் சுற்றில் உள்ள நிலைகளில் ஒன்றில்) நிற்பார். நான்காவது வழி கிடையாது. கார்சிகானாவுக்கு ரன் 51, அவுட் இன்னிங்ஸுக்கு மூன்று வீதம் 27. பேஸில் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்றே வைத்தாலும் குறைந்தது 78 வாய்ப்புகள். ஒன்பது பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு எட்டு போக ஆறு மிஞ்சும். வரிசையின் கடைசி ஆளுக்கும் எட்டு உறுதி. அவர்கள் இரண்டாவதாக ஆடி, வெற்றி உறுதியானதால் ஒன்பதாவது இன்னிங்ஸை விட்டிருந்தால் அவுட் 24, மொத்தம் 75. அப்போதும் எட்டுக்குக் குறையாது.

பழைய மைனர் லீக் (மேஜர் லீக்குக்குக் கீழ்நிலைப் போட்டிகள்) ஸ்கோர் அட்டவணை எதையும் இப்படித்தான் சரிபார்க்க வேண்டும். ஒரு அணியின் மட்டை வாய்ப்புகளோடு, கீழே பொடி எழுத்தில் தனியாகக் கொடுத்திருக்கும் வாக் (பந்து வீசுபவரின் நான்கு தவறான பந்துகளால் இலவசமாகக் கிடைக்கும் பேஸ்), பந்து மேலே பட்டு பேஸ் பெற்றவை, சாக்ரிஃபைஸ் (தான் அவுட் ஆகி சக வீரரை முன்னேற்றும் அடி) ஆகியவற்றைக் கூட்டுங்கள். அதிலிருந்து ரன்களையும் எதிரணியின் புட்அவுட்டுகளையும் (அவர்கள் அவுட் ஆக்கியவை) கழியுங்கள். மிஞ்சுவது பேஸில் நின்றவர்கள். அது பூஜ்யத்துக்குக் கீழே போனாலோ, இன்னிங்ஸுக்கு மூன்று பேர் என்ற கணக்கைத் தாண்டினாலோ எங்கோ பிழை இருக்கிறது. பெரும்பாலும் தந்தியில் ஒரு இலக்கம் விழுந்திருக்கும், அல்லது அச்சுக்கோப்பவர் வரி மாற்றியிருப்பார். பொடி எழுத்துப் பகுதியை விட்டுவிட்டுக் கூட்டுபவர்கள்தான் வழக்கமாகக் கணக்கு உதைக்கிறது என்பார்கள்.

கட்டுரையாளர் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்டது வேறொன்று: கிளார்க் 16 ரன்களை உள்ளே கொண்டுவந்தார் என்பது. ஒருவர் தன் ஆட்டத்தால் உள்ளே கொண்டுவரும் ரன்களை எண்ணும் ஆர்பிஐ என்ற கணக்கு அதிகாரபூர்வமாக வந்தது 1920இல். 1902இன் அட்டவணையில் அதற்குப் பத்தியே கிடையாது. 16 என்பது பின்னாளில் யாரோ கணித்தது. எட்டு ஹோம்ரனுக்கு நம்பக்கூடிய எண்தான், ஆனால் அன்றைய பதிவாகக் காட்டக் கூடாது.

இனி வேலி. கார்சிகானாவில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தடை இருந்ததால் அன்றைய ஆட்டம் வடக்கே சுமார் 20 மைல் தள்ளி, அதே ரயில் பாதையில் இருக்கும் என்னிஸுக்குப் போனது. அங்கே வலதுபக்க வேலி கிட்டத்தில் இருந்தது, கிளார்க்கோ இயல்பாக அந்தப் பக்கம் அடிக்கும் இடது கை மட்டையாளர். இதுவரை சரி. ஆனால் வேலி 210 அடி என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே ஹோம்ரன்களை எண்ணுகிறார் கட்டுரையாளர். 1892 முதல் விதிப்புத்தகத்தில், 235 அடிக்குள் இருக்கும் வேலியைத் தாண்டிய பந்துக்கு இரண்டு பேஸ்தான், ஹோம்ரன் அல்ல. 1926இல் அந்த எல்லை 250 அடி ஆனது. ஆகவே வேலி 235 அடிக்கு மேல் இருந்திருக்க வேண்டும், அல்லது அன்று இரு தரப்பும் ஒத்துக்கொண்ட மைதான விதி புத்தகத்தை மீறியிருக்க வேண்டும். எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது. வாடகைக்கு வந்த மைதானத்தில் அம்பயர் அடிக்கோல் வைத்து அளந்திருக்க மாட்டார்.

டெக்சர்கானாவின் பிட்சர் டெவிட் முழு ஆட்டமும் வீசியதற்கு, ஆளை மாற்ற அக்கால விதியில் இடமில்லை என்று காரணம் சொல்வதும் தவறு. 1891 முதலே மாற்றலாம்.

இந்த ஒரே ஆட்டத்தின் பரபரப்பில் கார்சிகானா அணியின் பெரிய சாதனை கட்டுரையில் விடுபட்டது எனக்கு வருத்தம். குடிநீருக்குத் துளையிட்டபோது 1894இல் எண்ணெய் கிடைத்த ஊர் அது. அணிக்கு ஆயில் சிட்டீஸ் என்ற பெயர் அதனால் வந்தது. மைனர் லீக்குகளின் தேசியச் சங்கம் 1901 செப்டம்பரில்தான் சிகாகோவில் உருவானது. அதன் முதல் சீசனிலேயே, கடைசிப் படியான டி வகுப்பு லீக்கில் ஆடிய இந்த அணி தொடர்ந்து 27 ஆட்டங்களை வென்றது. 1921இல் பால்டிமோர் அதைச் சமன் செய்தது. 1987இல் சால்ட் லேக் அணி 29 வென்ற பிறகுதான் அது முறிந்தது.

கிளார்க்கைப் பற்றிய பெட்டிச் செய்தியிலும் ஒரு சேர்க்கை தேவை. மேஜர் லீக்கில் ஒன்பது சீசன்களில் அவர் அடித்த ஹோம்ரன் வெறும் ஆறு என்பதோடு நிறுத்திவிட்டீர்கள். 1908 அக்டோபர் 2 அன்று கிளீவ்லாந்தின் ஆடி ஜாஸ் ஒருவரையும் பேஸுக்கு விடாமல் வீசிய ஆட்டத்தில் கேட்சராக இருந்தவர் அவரே.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்