கோழிக்கும் வாத்துக்கும் அடிபட்டால்

அன்புள்ள கயல்,

நாய் கவ்விய பெட்டைக்கு மஞ்சளை அப்பி, உடனே கூட்டத்தோடு விட்டுவிட்டதாகப் போனில் சொன்னாய். போனில் எல்லாவற்றையும் சொல்லி முடியாது, அதனால்தான் எழுதுகிறேன். மஞ்சள் கதை பிறகு. முதலில் அந்தக் கோழியைப் பிடித்துத் தனியாக வை, மிச்சத்தை அப்புறம் படி.

வீட்டுக் கோழி பல நேரம் பட்ட காயத்தால் சாவதில்லை. காயத்துக்குப் பின்னால் மூன்று வருகின்றன: அதிர்ச்சியில் உடம்பு சில்லிட்டுப் போவது, மற்ற கோழிகளின் அலகு, ஈ. இந்த மூன்றையும் தடுத்துவிட்டால் பாதி வைத்தியம் முடிந்தது. சிவப்பு தெரிந்தால் கோழி கொத்தும். கூடவே வளர்ந்ததாயிற்றே என்றெல்லாம் பார்க்காது. ஒரு சிறு கீறலை மாலைக்குள் உள்ளங்கை அகலத்துக்குக் கிழித்துவிடும்.

தனியாக வைக்க ஒரு அட்டைப்பெட்டி போதும். பக்கவாட்டில் காற்றுக்கு ஓட்டை போடு. அடியில் பழைய பருத்தித் துணியை மடித்து விரி. நியூஸ் பேப்பர் வழுக்கும், மரத்தூளும் உமியும் காயத்தில் ஒட்டும். பெட்டியை வீட்டுக்குள் இருட்டான மூலையில் வை. கோழிக்கு இயல்பான உடல் சூடே ஏறத்தாழ 41 டிகிரி செல்சியஸ். நம் கைக்கு அது எப்போதும் கதகதப்பாகத்தான் இருக்க வேண்டும். கால் சில்லென்று, கண் பாதி மூடி, தலை தொங்கிக் கிடந்தால் ஒரு லிட்டர் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றித் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வை. ரத்தம் ஓடாத வரை அரை மணி நேரம் தொடாதே. வலியோடு இருக்கிற பறவையை உடனே புரட்டிப் பார்ப்பது அதற்கு இன்னொரு அடி.

பிடிக்கும்போது கவனம். பறவைக்கு நமக்கிருப்பது போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் கையிலேயே மூச்சு நின்றுவிடும். இறக்கையோடு சேர்த்துத் துண்டில் சுற்று, நெஞ்சுப் பக்கம் மட்டும் தளர்வாக விடு. தலைகீழாகத் தூக்காதே. வாத்தை எந்தக் காரணத்துக்கும் காலைப் பிடித்துத் தூக்கக் கூடாது, அதன் கால் மூட்டு அந்தப் பாரத்தைத் தாங்காது. இரண்டு கையாலும் இறக்கையை அணைத்தாற்போலத் தூக்கி, அடியில் ஒரு கை கொடு. மாப்பிள்ளை பிடித்துக்கொள்ளட்டும், நீ காயத்தைப் பார். ஒற்றை ஆளாகச் செய்தால் அவசரம்தான் வரும்.

ரத்தம் வந்தால் அதை நிறுத்துவதுதான் முதல் வேலை. ஒன்றரைக் கிலோ கோழிக்கு மொத்த ரத்தமே சுமார் 100 மில்லிதான். சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிடம் அழுத்திப் பிடி. நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது பிய்ந்து மறுபடி ஓடும். கொண்டையிலும் தாடியிலும் சின்னக் கீறல்கூட நிறையக் கொட்டும், அது தலையை உதறுவதில் சுவரெல்லாம் தெறிக்கும். பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, அழுத்தினால் நின்றுவிடும். நகம் உடைந்து ஒழுகினால் கான்ஃபிளவர் மாவையோ படிகாரப் பொடியையோ நுனியில் வைத்து அழுத்து.

இறக்கையில் புதிதாக முளைக்கிற குருத்திறகு ஒடிந்தால் கதை வேறு. அந்தக் குருத்தின் தண்டு முழுக்க ரத்தம் இருக்கும். ஒடிந்த இடத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். மாவு வைத்து அழுத்தியும் நிற்காவிட்டால் அந்த ஒரு இறகைப் பிடுங்கிவிட வேண்டும். இறக்கையை ஒரு கையால் அசையாமல் பிடித்து, தோலுக்கு ஒட்டினாற்போல இடுக்கியால் கவ்வி, இறகு வளர்கிற திசையிலேயே ஒரே இழுப்பு. குழியைச் சில நிமிடம் அழுத்திப் பிடித்தால் நிற்கும்.

அடுத்தது கழுவுவது. பலரும் இதில்தான் கஞ்சத்தனம் செய்கிறார்கள். ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தட்டையாக ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போடு. ஒன்பது கிராம் வரும், மருந்துக்கடை நார்மல் சலைனும் அதே அளவுதான். ஊசி இல்லாத 20 மில்லி சிரிஞ்சில் எடுத்து, மண்ணும் இறகுத் துணுக்கும் வெளியே வரும்வரை திரும்பத் திரும்பப் பீய்ச்சு. சுற்றியுள்ள இறகைக் கத்தரிக்கோலால் வெட்டு, பிடுங்காதே. கோழித் தோல் அவ்வளவு மெல்லிசு, இறகோடு சேர்ந்து கிழியும். நாய் கவ்வியதென்றால் ஒரு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு விடாதே. எதிர்ப் பக்கமும் பல் இறங்கியிருக்கும், இறகு மூடி மறைத்திருக்கும். இறகை நனைத்து ஒதுக்கி ஒதுக்கிப் பார். முக்கியமாக இறக்கைக்கு அடியில். சேவல் மிதிக்கும்போது அதன் கால் முள் கிழிப்பதும் அங்கேதான். வெளியே ஒரு துளி ரத்தம் தெரியாது, உள்ளே தோல் வாய் பிளந்து கிடக்கும்.

காயத்திலிருந்து மூச்சோடு காற்றுக் குமிழி வந்தால் நிறுத்து. பறவைக்கு உடம்புக்குள் காற்றுப் பைகள் உண்டு, அதில் ஓட்டை விழுந்திருக்கிறது. அங்கே தண்ணீரைப் பீய்ச்சினால் மூச்சுக்குள் போய்விடும். துணியால் மூடி நேரே கால்நடை ஆஸ்பத்திரி.

கழுவிய பிறகு போவிடோன் அயோடின். கடையில் கிடைக்கிற 10 சதவீதக் கரைசலை அப்படியே ஊற்றாதே. ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து இளம்பழுப்பாக வந்தபின் போடு. காட்டமாகப் போட்டால் புதிதாக வளர்கிற சதையும் கருகி ஆறத் தாமதமாகும். ஹைட்ரஜன் பெராக்சைடு, ஸ்பிரிட், டெட்டால் இவற்றைப் பச்சைப் புண்ணில் ஊற்றக் கூடாதென்பதும் அதற்காகத்தான். அயோடினின் பழுப்பு காயத்தின் சிவப்பை மறைப்பதும் ஒரு நன்மை. மேலே தீக்காயத்துக்குப் போடுகிற சில்வர் சல்ஃபாடயசின் களிம்பை மெல்லிசாகத் தடவலாம். மரத்துப்போகச் செய்கிற மருந்து கலந்த களிம்புகளைத் தொடாதே. நமக்குச் சின்ன அளவாகத் தெரிவது அந்த உடம்புக்குப் பெரிய அளவு.

இப்போது மஞ்சள். மேலோட்டமான சிராய்ப்புக்கு மஞ்சள் போடுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆழமான பல் குழியில் பொடியை அடைத்தால் ரத்தத்தோடு சேர்ந்து கட்டியாகி வாயை மூடிவிடும். அழுக்கு உள்ளேயே நின்று சீழ் பிடிக்கும். உன் பெட்டைக்கு அப்பியதை உப்புத் தண்ணீரால் ஊறவைத்துக் கழுவி எடு, சுரண்டாதே. வேப்பெண்ணெயைக் கோழிக்குக் காயத்தைச் சுற்றி ஒரு விரல் தடவினால் ஈ அண்டாது. வாத்துக்கு வேண்டாம். எண்ணெய் பட்ட இறகில் தண்ணீர் ஒட்டாத தன்மை போய்விடும், குளத்தில் இறங்கியதும் நனைந்து விறைத்துவிடும்.

ஈயை லேசாக நினைக்காதே. நம் ஊர் வெயிலில் ஒரே நாளில் முட்டை பொரிந்து புழு நெளியும். பெட்டிக்கு மேலே கொசுவலையைப் போர்த்தி ஓரத்தைச் செருகு. காலையும் மாலையும் இறகின் அடியில் கொத்துக் கொத்தாக வெள்ளைத் துகள் தெரிகிறதா என்று பார். தெரிந்தால் அந்த இறகை வெட்டி எறி. புழுவே வந்துவிட்டால் இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, மறுபடி உப்புத் தண்ணீர் பீய்ச்சு, ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை பார். உள்ளே பதுங்கியது அதற்குள் மேலே வரும். மாட்டுப் புண்ணுக்கு ஊற்றுகிற டர்பன்டைனைக் கோழிக்கு ஊற்றாதே. குழி ஆழமாகவோ ஆசனவாயைச் சுற்றியோ இருந்தால் டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாம் மூன்றாம் நாள் காயத்தைச் சுற்றித் தோல் பச்சையாக மாறும். அழுகிவிட்டது என்று பதறாதே. நமக்கு அடிபட்ட இடம் நீலமாகிக் கன்றுவது போல அதற்குப் பச்சையாகக் கன்றும், தானே மறையும். கறுத்து, சில்லென்று, நாற்றமடித்தால் அதுதான் அழுகல். சீழும் நமக்கு வருவது போல ஒழுகாது. பனீர்க் கட்டி (பாலாடைக்கட்டி) மாதிரி மஞ்சளாகக் கெட்டியாக நிற்கும். பிதுக்கினால் வராது. பிதுக்கிப் பிதுக்கிச் சுற்றியுள்ள நல்ல சதையை நசுக்கிவிடாதே.

பூனை கடித்தால் மட்டும் ஒரு இரவுகூடக் காத்திருக்காதே. ஓட்டை ஊசி முனை அளவுதான் தெரியும். ஆனால் பூனையின் பல்லிலும் எச்சிலிலும் இருக்கிற கிருமி ரத்தத்தில் கலந்தால் ஒன்றிரண்டு நாளில் பறவை போய்விடும். அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டும், அளவை டாக்டர் சொல்ல வேண்டும். எத்தனை நாளுக்கு முட்டையைச் சாப்பிடக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள். பிள்ளைகள் சாப்பிடுகிற முட்டை அது.

வலி நிவாரணி என்று வீட்டில் இருக்கிற மாத்திரையைப் பொடித்துப் போடவே போடாதே, கண்ணு. டைக்ளோஃபெனாக் என்கிற வலி மருந்து போட்ட மாட்டின் பிணத்தைத் தின்றுதான் பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கால்நடைக்கு அதைக் கொடுப்பதை 2006இல் அரசு தடை செய்தது. நீலகிரிப் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கிற கொஞ்சம் கழுகுகளைக் காப்பாற்ற இன்னும் பாடுபடுகிறார்கள். கோழியின் சிறுநீரகத்தையும் அந்த மருந்து கெடுக்கும்.

கால் விஷயம். நொண்டினால் முதலில் விரல்களைப் பார். தலைமுடி, தையல் நூல், சாக்குச் சணல் இவற்றில் ஏதாவது ஒன்று சுற்றி இறுக்கியிருக்கும். வீக்கத்துக்குள் புதைந்து கண்ணுக்கே தெரியாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சின்னக் கத்தரிக்கோல் முனையால் மெதுவாக நெம்பி வெட்டு. வெட்டியதும் இன்னொரு சுற்று இருக்கிறதா என்று தேடு, அனேகமாக இருக்கும்.

அடுத்துப் பாதத்தைத் திருப்பிப் பார். நடுவில் கறுத்த பொருக்கும் சுற்றி வீக்கமும் இருந்தால் அது பாதக் கட்டி. கரடுமுரடான தரையிலோ உயரத்திலிருந்து குதித்தோ தோல் தேய்ந்து, அதன் வழியாகக் கிருமி ஏறியிருக்கும். கனமான பறவைக்குச் சீக்கிரம் வரும். சிமெண்டுத் தரையில் நடக்கிற வாத்துக்கு இன்னும் சீக்கிரம் வரும். ஆரம்பம் என்றால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு டேபிள்ஸ்பூன் எப்சம் உப்பு கரைத்து, தினம் ஒரு முறை பத்து, பதினைந்து நிமிடம் காலை வைத்திரு. அந்தத் தண்ணீரைக் குடிக்க விடாதே, பேதியாகும். துடைத்து, அயோடின் தொட்டு, காஸ் துணி வைத்து, விரல்களுக்கு இடையில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டு. விரல் நுனி வீங்கினால் கட்டு இறுக்கம், உடனே அவிழ். ஒரு வாரத்தில் வடியாமல் உள்ளே கெட்டியாக உருண்டை தட்டுப்பட்டால் அதைக் கீறி எடுக்கிற வேலை டாக்டருடையது. பிளேடைத் தூக்காதே. அங்கே நரம்பும் ரத்தக் குழாயும் நெருக்கமாக ஓடுகின்றன. காயமே இல்லாமல் வாத்துக் குஞ்சு தள்ளாடினால் நியாசின் சத்துக் குறைவாக இருக்கலாம். கோழிக் குஞ்சைவிட வாத்துக் குஞ்சுக்கு அது அதிகம் வேண்டும், வெறும் கோழித் தீவனம் போதாது. ப்ரூவர்ஸ் ஈஸ்ட் கலந்து கொடு.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்தால் வீட்டில் ஒன்றும் செய்யாதே. தொங்குகிற இறக்கையை மட்டும் இயல்பாக மடித்து உடம்போடு சேர்த்துக் கிரேப் பேண்டேஜால் தளர்வாகச் சுற்றி எடுத்துப் போ.

காயம் பட்ட வாத்தைத் தோல் மூடும்வரை குளத்தில் விடாதே. ஆனால் தலை முழுக்க முங்குகிற ஆழத்தில் சுத்தமான தண்ணீர் வாளி வை. மூக்கையும் கண்ணையும் கழுவ அதற்கு அது கட்டாயம் வேண்டும். குடிக்காமல் சோர்ந்து கிடக்கிற பறவைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து, அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விடு, தானே நக்கி விழுங்கட்டும். வாயைத் திறந்து ஊற்றினால் நாக்குக்குப் பின்னால் இருக்கிற மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அவித்த முட்டையைப் பிசைந்து வை.

திரும்பக் கூட்டத்தில் விடுவது, பச்சைச் சதை முழுதும் மூடிய பிறகு. முதலில் இரண்டு நாள் வலைக்கு அந்தப் பக்கம் வைத்துப் பார்க்கவிடு. பிறகு இருட்டும் நேரத்தில் கூட்டில் ஏற்றிவிடு. மறுபடி கொத்தினால் காயத்தை மட்டும் பார்க்காதே. இடம் நெருக்கமா, புரதம் போதவில்லையா, பேன் பிடித்திருக்கிறதா என்று பார். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டையாவது இருக்க வேண்டும். உன்னிடம் ஆறு பெட்டைக்கு இரண்டு சேவல், அதுவும் ஒரு காரணம்.

கொண்டையிலும் முகத்திலும் பல கோழிகளுக்குச் சேர்ந்தாற்போல் பொருக்கு வந்தால் அது அடி இல்லை, அம்மை. கழுத்து முறுக்கினால் ராணிக்கெட் என்கிற வெள்ளைக் கழிச்சல் நோயாக இருக்கலாம். கொண்டை கறுத்து ஒன்றன்பின் ஒன்றாகச் செத்தால் கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லு. கால்நடை உதவி எண் 1962க்குப் போன் செய்தாலும் எடுப்பார்கள்.

சலைன், சிரிஞ்ச், அயோடின், காஸ், மைக்ரோபோர் டேப், இடுக்கி, கையுறை இவ்வளவையும் நாளைக்கே வாங்கி ஒரு டப்பாவில் போட்டு வை. அந்தப் பெட்டை இரவு எச்சம் போட்டதா, காலையில் தானாகத் தண்ணீர் குடித்ததா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் போன் செய். இரண்டும் இல்லையென்றால் எனக்குப் போன் செய்துகொண்டிருக்காமல் நேரே டாக்டரிடம் தூக்கிப் போ.

அன்புடன்,
அம்மா