கொஞ்சம் யோசிப்பவர்களுக்குக் காலாண்டுத் தேர்வு கிடையாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு எந்த மாதம் ஏற்றது என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை ஆர்வத்தில். இரண்டாவது முறை, அந்த ஒரு வரியை நிஜமாகவே அச்சடித்திருக்கிறீர்களா என்று பார்க்க. ‘மே மாதக் கூட்டத்தோடு முண்டியடிப்பதைவிட, கொஞ்சம் யோசிப்பவர்கள் செப்டம்பர் வரை காத்திருப்பார்கள்.’

நான் 22 வருடமாகப் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கிறேன். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வரும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அந்த மாதத்தில் நானும் யோசிக்கத்தான் செய்கிறேன் ஐயா, ஒன்பதாம் வகுப்புப் பையன் x-ஐ எங்கே தொலைத்தான் என்று. வீட்டுக்காரருக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற கடை. வைகாசி முகூர்த்தங்களுக்காக மே மாதம் முழுக்க மிஷின் ஓடும். ஆடியில்தான் கடை ஈ ஓட்டும், அப்போது எனக்குப் பள்ளி. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் வாய்க்கிற ‘சீசன்’ எது என்று உங்கள் கட்டுரையாளர் கொஞ்சம் யோசித்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

அவருக்கு முன்னால் எழுதியவரின் பேச்சைக் கேட்டும் ஒரு முறை பட்டாயிற்று. ‘ஆடித் தள்ளுபடி துணிக்கடையில் மட்டுமல்ல, விமானத்திலும்தான்’ என்று நீங்கள் ஒரு கட்டுரை போட்டீர்கள். நினைவிருக்கும். அதை நம்பி, 2017 ஆகஸ்டில் சம்பளப் பிடித்தத்தோடு லீவு போட்டுவிட்டு தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போனோம். டிக்கெட் மலிவுதான், பொய் சொல்லக் கூடாது. போய் இறங்கினால் கடற்கரை நெடுக சிவப்புக் கொடி. தண்ணீரில் கால் வைக்க விடவில்லை. பீபீ தீவுக்குப் பணம் கட்டிய படகும் ரத்து. நான்கு நாள் ஹோட்டல் பால்கனியில் உட்கார்ந்து மழை பார்த்தோம். “இதுக்கு வேளச்சேரியே போதுமே” என்றார் வீட்டுக்காரர். இன்றுவரை, யாராவது வீட்டுக்கு வந்தால் சொல்லிக் காட்டுவார்.

ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்தான் விளக்கிச் சொன்னாள். புக்கெட் இருப்பது அந்தமான் கடல் பக்கம், அங்கே மே முதல் அக்டோபர் வரை பருவமழை. எதிர்ப்பக்கம், தாய்லாந்து வளைகுடாவில் இருக்கிற சமுய் தீவில் ஆகஸ்டில் அவ்வளவு மழை இல்லை. அங்கே பெருமழை அக்டோபருக்கு மேல்தான். ஒரே நாடுதான், ஆனால் இரண்டு கரைக்கும் வேறு வேறு மழைக்காலம். கேரளாவில் ஜூன் மாதம் கொட்டும்போது நங்கநல்லூரில் தண்ணீர் லாரிக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா? சென்னையில் உட்கார்ந்து பத்திரிகை நடத்தும் தங்களுக்கு?

அதே தவறு இந்தக் கட்டுரையிலும் இருக்கிறது. இலங்கைக்கு ‘டிசம்பர் முதல் மார்ச் வரை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கொழும்பு, காலி நகரம் இருக்கிற தென்மேற்குக் கரைக்கு அது சரி. கிழக்குக் கரையில் இருக்கிற திருகோணமலைக்கு மே மாதம் அருமையான மாதம், கடலும் அமைதியாக இருக்கும். மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவுகளும் அப்படியே. ரெடாங்கில் நவம்பர் வந்தால் விடுதிகளையே பெரும்பாலும் மூடிவிடுவார்கள், மே மாதம் போகலாம். முண்டியடிக்கும் எங்களுக்கு உதவும் இந்த விஷயங்களுக்கு உங்கள் நான்கு பக்கங்களில் இடமில்லை. டிசம்பரில் ‘சிங்கப்பூரின் இதமான குளிர்’ என்று எழுத மட்டும் இடம் இருந்திருக்கிறது. பூமத்திய ரேகைக்கு ஒரு பாகை தள்ளி இருக்கிற ஊரில் என்ன குளிர்? டிசம்பர் அங்கே நல்ல மழை மாதம்.

டிசம்பர் என்றால் நம் ஊர் மட்டும் லேசா? 2015 டிசம்பர் 1 இரவு மூடிய விமான நிலையம் அந்த வாரக் கடைசியில்தான் மறுபடி திறந்தது. 2023-இல் மிக்ஜாம் புயலன்றும் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது. முதல் தடவை மாட்டிக்கொண்டவன் என் தம்பி. பெட்டி கட்டி வாசலில் வைத்திருந்தான், பெட்டியே மிதந்தது. போகிற ஊரின் வானிலையைப் பார்க்கச் சொல்லும் கட்டுரையில், கிளம்புகிற ஊரின் வானிலை பற்றி ஒரு சொல்லாவது வேண்டாமா?

சரி, அந்த மே மாதத்துக்கே வருகிறேன். 2019 மே மாதம், கடையைக் கொழுந்தனாரிடம் ஒப்படைத்துவிட்டு, சீட்டுப் பணத்தில் ஐரோப்பா போனோம். மாமியாரும் வந்தார். கத்திரி வெயிலில் மீனம்பாக்கத்தில் விமானம் ஏறிய நாங்கள், சுவிட்சர்லாந்தின் யுங்ஃபிரா மலையில் 3,454 மீட்டர் உயரத்தில் பனியில் நின்றோம். கூட்டம் இருந்தது, ஆனால் முண்டியடிக்கவில்லை. ஃபூர்கா, கிரிம்செல் மாதிரி உயரமான கணவாய்ச் சாலைகள் மே மாதம் பெரும்பாலும் பனி மூடித்தான் கிடக்கும் என்பதால் பஸ் வேறு வழியில் போனது. குறை என்றால் அது ஒன்றுதான். நெதர்லாந்தில் கூகென்ஹாஃப் தோட்டத்தை மே நடுவில் மூடிவிடுகிறார்கள். மூடுவதற்கு முந்தின வாரத்தில் போய் நாங்கள் துலிப் பார்த்துவிட்டோம். செப்டம்பர் வரை காத்திருந்தால் என்னத்தைப் பார்த்திருப்போம்? இரவு 9 மணி வரை வெளிச்சம் வேறு. பொழுதே சாயவில்லை, அதற்குள் ராத்திரிச் சாப்பாடா என்று மாமியார்தான் தட்டை நகர்த்திவைத்தார்.

மே மாதம் விலை ஏறுவது நம் ஊரிலிருந்து கிளம்பும் டிக்கெட்டுக்கு. ஐரோப்பாவில் ஹோட்டல் விலை உச்சிக்குப் போவது ஜூலை, ஆகஸ்டில், அவர்கள் பிள்ளைகளுக்குப் பள்ளி லீவு விடும்போது. அவர்களும் லீவு பார்த்துத்தான் கிளம்புகிறார்கள். அவர்களை யோசிக்காதவர்கள் என்று யாரும் எழுதக் காணோம்.

இன்னொன்று. மே மாதப் பயணத்தைப் பற்றிய இந்த அறிவுரையை நீங்கள் வெளியிட்டது ஏப்ரல் கடைசியில். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் ஒன்றாகச் செல்லுகிற ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே மனுச் செய்யலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது செய்தாக வேண்டும். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாள், இழுத்தால் 45 நாள். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மறுத்தாலும் திரும்பி வராது. மாமரத்தில் காய் இறங்கிய பிறகு உரம் போடச் சொல்கிற கதையாக இருக்கிறது.

இதற்கு முன் உங்கள் குறுக்கெழுத்தில் இருந்த தப்பைச் சுட்டிக்காட்டி ஒரு கடிதம் எழுதினேன். மூன்று வரியாகச் சுருக்கி, என் பெயருக்குக் கீழே வேறு யாருடைய ஊரையோ போட்டிருந்தீர்கள். வருத்தமில்லை. சமையல் பக்கத்தில் வத்தக்குழம்புக்குச் சர்க்கரை போடச் சொன்னபோதும் பேசாமல்தான் இருந்தேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த வருடம் இந்தக் கட்டுரையை ஜனவரி முதல் இதழிலேயே போடுங்கள். ஏப்ரல் 25 முதல் மே 31 வரை மட்டுமே லீவு உள்ளவர்கள் எங்கே போகலாம் என்று அரைப் பக்கம் ஒதுக்குங்கள். அப்புறம், இந்தக் கடிதத்தையும் சுருக்குவதென்றால் என் புலம்பலை எல்லாம் வெட்டிவிடுங்கள், திருகோணமலையை மட்டும் விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
கணக்கு டீச்சர் ஒருவர்,
நங்கநல்லூர், சென்னை.
(ஊர் இதுதான்.)