மழை பெய்த மறுநாள் புகை ஏன் கலைவதில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒரு நல்ல கோடை மழை பெய்துவிட்டால் போதும், காற்று சுத்தமாகிவிட்டது என்று எல்லாரும் சொல்லிவிடுகிறோம், செய்திகளிலும் அப்படித்தான் வருகிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

போன வாரம் தாம்பரத்தில் எங்கள் பக்கம் மாலை நாலரைக்கு இடி மழை. மழைக்குப் பத்து நிமிடம் முன்பே சில்லென்று காற்று வந்து கொடியில் கிடந்த துணியையெல்லாம் அள்ளிப் போட்டது, பால்கனி வெப்பமானி 37 டிகிரியிலிருந்து 28க்கு இறங்கியது. மேகத்துக்குக் கீழே காய்ந்து கிடக்கும் காற்றின் வழியாக விழும்போது துளிகளில் ஒரு பகுதி தரைக்கு வருமுன்பே ஆவியாகிறது, அதற்கான வெப்பத்தை அந்தக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த காற்று கனமாகி இறங்கி, தரையில் மோதி நாலா பக்கமும் பாய்கிறது. அந்தக் கொஞ்ச நேரம் காற்று நன்றாகவே கலக்கிறது, சரி.

சிக்கல் அப்புறம்தான். வெயில் நாளில் தரை சூடாகி, சூடான காற்று குமிழ் குமிழாக மேலே எழும்பி, தெருப் புகையை ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரம் வரை கொண்டுபோய்க் கலந்துவிடும். மழை விட்டபின் தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்று பாய் விரித்ததுபோல் படுத்துக்கொள்கிறது, மேலே இருப்பது அதைவிட லேசான காற்று, கீழே இருப்பது எழும்ப வழியில்லை. மறுநாள் வெயில் வந்தாலும் அதன் வெப்பத்தில் பெரும்பகுதி ஈர மண்ணைக் காய வைப்பதிலேயே செலவாகிவிடும். ஆகவே காற்று கலக்கும் உயரம் தாமதமாகத்தான் ஏறும், வழக்கமான உயரத்துக்கும் போகாது. கல்யாண மண்டபத்தில் ஏற்றிய ஊதுபத்தியைப் பூஜை அறையில் ஏற்றினால் எப்படி இருக்கும், அதுதான்.

மழை கழுவிவிடாதா என்று கேட்பார்கள். தூசியைக் கழுவும். ஆனால் குப்பை எரியும் புகையில் அதிகம் இருப்பது ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான துகள்கள், துளி விழும்போது விலகி ஓடும் காற்றோடு அவையும் விலகிவிடுகின்றன, துளியில் பெரும்பாலும் மோதுவதில்லை. 0.1 முதல் 1 மைக்ரான் வரையிலான துகள்களைக் கழுவுவதில் மழை ரொம்ப மந்தம். நுரையீரலின் ஆழம் வரை போகிறவையும் இவைதான்.

அந்த மழைக்கு மறுநாள் காலை ஆறரைக்கு எங்கள் எதிர் மனையில் குப்பையைக் கொளுத்தினார்கள். கேட்டதற்கு, "எல்லாம் ஈரமாத்தான் சார் இருக்கு, தீ பரவாது" என்றார் ஒருவர். தீ பரவவில்லை, உண்மைதான். ஈரக் குப்பை எரியாமல் புகைந்தது, புகை அங்கிருந்த வேப்ப மரத்தின் பாதி உயரத்தைக்கூடத் தாண்டாமல், ஒரு போர்வை மாதிரி எட்டு மணி வரை தெருவிலேயே கிடந்தது. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு அன்றைக்கு முழுக்க வீசிங். அதைப் பார்த்தபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

டெல்லிக்குக் காற்று மாசு முன்னறிவிப்பு அறிக்கையில், காற்று கலக்கும் உயரத்தையும் காற்றின் வேகத்தையும் பெருக்கி வரும் ஓர் எண்ணைச் சேர்த்துச் சொல்கிறார்கள். அது விநாடிக்கு 6000 சதுர மீட்டருக்குக் கீழே போய், காற்றும் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைவாக வீசினால், மாசு கலைவது கடினம் என்று அர்த்தம். சென்னையிலும் மீனம்பாக்கத்திலிருந்து வானிலைத் துறை பலூன் விடுகிறது, மேலே போகப் போக வெப்பம் எப்படி மாறுகிறது என்பது அதிலேயே தெரியும். மழையளவு போடும் கட்டத்துக்குக் கீழே, "இன்று காலை புகை கலையாது, எதையும் எரிக்க வேண்டாம்" என்று ஒரு வரி நீங்கள் போட முடியுமா? வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் போட்டால் ரொம்ப உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தாம்பரம்