ராத்திரி இரண்டு மணிக் கஞ்சி

எல்லோருக்கும் வணக்கம். எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நேற்று நானே நடந்துபோய்க் குளித்தேன். திருச்செங்கோட்டிலிருந்தும், சாம்பியாவில் ஓடும் மற்ற போர் (ஆழ்துளைக் கிணறு) வண்டிகளிலிருந்தும் விடாமல் விசாரித்தீர்கள். ஒவ்வொருவருக்கும் பதில் போடத் தெம்பில்லை. இதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். போர் போட வந்த இடத்தில் மலேரியாவில் விழுந்தது உங்களுக்குத் தெரியும், திரும்பச் சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது அம்புயாவைப் பற்றி. நாங்கள் வேலை செய்கிற சாம்பியாவின் கட்டேட்டே பக்கம் பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் பேர் எனக்கு இன்னும் தெரியாது.

ஓடையில் வெள்ளம், பாதை போய்விட்டது. கிராமத்துச் சுகாதாரத் தொண்டர் விரலில் குத்திச் சோதித்துவிட்டு, பெட்டியில் மிச்சமிருந்த பெரியாளுக்கான ஒரே மலேரியா மாத்திரை அட்டையைக் கொடுத்தார். வேளைக்கு 4, ஆறு வேளைக்கு 24 மாத்திரை. அடுத்த சரக்கு எப்போது வரும் என்று அவருக்கே தெரியாது. முழுங்கி ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி போட வேண்டும். மறுபடி போட மாத்திரை ஏது? வெறும் வயிற்றில் போட்டாலும் உடம்பில் சரியாக ஏறாதாம், கொஞ்சம் கொழுப்பு உள்ளே போக வேண்டுமாம். எனக்கோ தண்ணீரைப் பார்த்தாலே குமட்டல்.

முதல் வேளை சாயங்காலம் 6 மணிக்கு. அடுத்தது எட்டு மணி நேரம் கழித்து, ராத்திரி 2 மணிக்கு. வண்டியில் கூட வேலை செய்யும் பையன்கள் அலாரம் வைத்துவிட்டு அசந்து தூங்கிவிட்டார்கள். (குறை சொல்லவில்லை, இரண்டு நாளாக அவர்கள் கண்ணே மூடவில்லை.) கதவைத் தட்டியது அம்புயா. மழைக்குத் தலையில் துணி, ஒரு கையில் டார்ச், மறுகையில் மூடி போட்ட கிண்ணம். மக்காச்சோளக் கஞ்சியில் கடலையை இடித்துக் கரைத்திருந்தார். ஒரு கரண்டி ஊட்டுவார், என் தொண்டையைப் பார்ப்பார், இறங்கிய பிறகுதான் அடுத்தது. மாத்திரை போட்டதும் போய்விடவில்லை. வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். வாந்தி வரவில்லை. மூன்று மணிக்கு மேல்தான் எழுந்து போனார். ஆறு வேளையும் இப்படித்தான்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் போதும் என்றேன். அட்டையைத் திருப்பி, பிரிக்காத குழிகளைக் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். மிச்சம் வைக்கிற மாத்திரைதான் அடுத்த காய்ச்சலில் யாரோ ஒரு குழந்தைக்கு அரைகுறையாகப் போகும் என்று தொண்டர் பிற்பாடு சொன்னார். மருந்து அடிக்கடி தீர்ந்துபோகிற ஊரில் மிச்சம் பிடிக்காமல் எப்படி இருப்பார்கள்? 2023-ல் மட்டும் மலேரியாவில் செத்தவர்கள் ஏறக்குறைய 5,97,000 பேர், நூற்றுக்கு 95 பேர் ஆப்பிரிக்காவில், பெரும்பாலும் ஐந்து வயது நிரம்பாத பிள்ளைகள். மருந்து இருக்கிற நோய் இது.

டிராக்டர் கட்டி வண்டியை இழுத்தவர்கள், சிப்பாட்டா டவுனில் கடனுக்கு டீசல் கொடுத்த கடைக்கார பாய், வீட்டில் பக்குவமாக விஷயத்தைச் சொன்ன மாமா, கோயிலுக்கு நேர்ந்துகொண்ட அத்தைமார், எல்லோருக்கும் கும்பிடு. பையன்களுக்குத் தனியாகக் கோழி அடித்துப் போடுகிறேன்.

என் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். கொசுவலையில் மீன் பிடிக்கிறார்கள் என்று ஊர்க்காரர்களைக் கேலி பேசியவன் நான். எனக்குக் கொடுத்த வலை கட்டுப் பிரிக்காமல் வண்டியிலேயே கிடந்தது.

நேற்றுத் தொண்டர் என்னை மெதுவாக நடத்திக் கூட்டிப்போய், போர் போடும்போது வரும் சேறு ஓட நாங்கள் வெட்டிய குழியில் வெள்ளைக் கரண்டியால் மொண்டு காட்டினார். கூத்தாடிப் புழுக்கள். வீட்டுத் தொட்டியில் பார்ப்பதுபோல் தலைகீழாகத் தொங்கவில்லை. தண்ணீர் மட்டத்தோடு படுக்கையாகக் கிடந்தன. மலேரியாக் கொசுவின் புழு அப்படித்தான் இருக்குமாம், வெயில் படுகிற தேங்கின தண்ணீர்தான் அதற்குத் தோதாம். அவர் குற்றம் சொல்லவில்லை. கரண்டியை மட்டும் என் முன்னால் நீட்டினார்.

இனி நான் இருக்கிற வண்டி, குழியை மூடாமல் அடுத்த போர் போடும் இடத்துக்கு நகராது. இந்த ஊரில் மூன்று போர் போட்டோம், மூன்று குழியும் திறந்தே கிடக்கின்றன. ஒன்று அம்புயா வீட்டுக்குப் பின்னால். நாளைக்குக் காலையில் முதலில் அதற்குத்தான் மண் தள்ளுகிறோம்.