கோல்டு ரீடிங் கத்துக் குடுக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல மென்டலிசம், அதாவது மனசைப் படிக்கிற மாதிரி காட்டுற மேடை வித்தை, அதைப் பத்தி அரைப்பக்கம் வந்திருந்துச்சு. லீவுல பசங்க கத்துக்கலாம், இன்டர்வியூக்கு உதவும், ரெண்டே நாள்ல எதிர்ல இருக்கிறவங்க மனசைப் படிச்சிடலாம்னு. எழுதினவரைக் குத்தம் சொல்ல வரல, ஆர்வமாத்தான் எழுதியிருக்காரு. நான் திருச்சிக்காரன், ஆறு வருஷமா கல்யாண ரிசப்ஷன், காலேஜ் கல்ச்சுரல்ஸ்னு மென்டலிசம் ஷோ பண்ணிக்கிட்டு இருக்கேன். அந்தக் கட்டுரையில ஒரு முக்கியமான விஷயம் விட்டுப்போச்சு, அதை எழுதி அனுப்பாம மனசு கேக்கல.

இந்த வித்தையில ஒரு பகுதிதான் கோல்டு ரீடிங். அதுன்னா, முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர்கிட்ட அவங்க கதையையே சொல்லி "இவனுக்கு எப்படிடா தெரியும்"னு அசர வைக்கிறது. பாதி கண்ணு, பாதி பேச்சு. கழுத்துல மஞ்சக்கயிறு இன்னும் பளிச்சுனு இருக்கா, கையில கட்டியிருக்கிறது எந்தக் கோயில் கயிறு, போன் கண்ணாடி உடைஞ்சும் மாத்தாம வச்சிருக்காரா, பக்கத்துல நிக்கிறவரைப் பாத்துட்டுத்தான் பதில் சொல்றாங்களா, இதெல்லாம் ஒரு நிமிஷத்துல பாத்துடணும். மிச்சம் வாய். "நீங்க எவ்வளவுதான் இழுத்துப்போட்டு செஞ்சாலும் வீட்டுல நல்ல பேரே கிடைக்க மாட்டேங்குது"ன்னு சொல்லுங்க, இல்லைன்னு மறுக்கிற ஆளை நான் இதுவரைக்கும் பாக்கல. "உங்களுக்கு வரவேண்டிய பணம் ஒண்ணு ஒருத்தர்கிட்ட நின்னுக்கிட்டு இருக்கு" அடுத்தது. "ம எழுத்துல ஆரம்பிக்கிற ஒரு பேரு உங்க வாழ்க்கையில முக்கியம்"னா, நம்ம ஊர்ல முருகன், மாரியம்மா, மணி, மீனா, மல்லிகா இல்லாத வீடு ஏது?

எனக்கு ரொம்பப் பிடிச்சது "இல்லையில்ல". "உங்களுக்குத் தங்கச்சி இல்லையில்ல?"ன்னு கேட்டு நிறுத்தணும், குரலை ஏத்தவும் கூடாது இறக்கவும் கூடாது. ஆமா இல்லைன்னாங்கன்னா "அதான் சொன்னேன்", இருக்குன்னாங்கன்னா "அதான் கேட்டேன், ஏதோ ஒண்ணு அவங்க பக்கம் இழுத்துச்சு". ரெண்டு பக்கமும் நம்மதுதான். தமிழுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு டெக்னிக் இது. வைத்தீஸ்வரன்கோயில்ல நாடி பாக்கப் போனவங்களுக்கும் தெரியும், "அப்பா பேரு மூணெழுத்தா? இல்லையா, சரி அடுத்த ஏடு"ன்னு போய்க்கிட்டே இருக்கும். ஏட்டுல என்ன எழுதியிருக்குன்னு நான் பேச வரல, கேக்கிற முறையைத்தான் சொல்றேன். அங்க தப்பா வர்றது எதுவும் தப்புக் கணக்குல சேராது, நம்ம ஏடு இன்னும் கிடைக்கலன்னுதான் சேரும்.

பொதுவா சொல்றது எப்படி எல்லாருக்கும் பொருந்துதுன்னு ஒரு சோதனையே இருக்கு. 1948-ல அமெரிக்காவுல பெர்ட்ராம் ஃபோரர்னு ஒரு சைக்காலஜி வாத்தியார் தன்னோட ஸ்டூடண்ட்ஸ் 39 பேருக்கு ஒரு டெஸ்ட் வச்சு, ஒவ்வொருத்தர் குணத்தையும் தனித்தனியா எழுதித் தர்றதா சொல்லி ஒரு பேப்பரைக் குடுத்தாரு. உங்களுக்கு எவ்வளவு பொருந்துதுன்னு மார்க் போடச் சொன்னா, 5-க்கு சராசரியா 4.26 வந்துச்சு. எல்லார் கையிலயும் இருந்தது ஒரே பேப்பர், கடையில வித்த ஒரு ஜோசியப் புக்குல இருந்து எடுத்தது.

கேக்கிறவங்க ஏமாறுற கதை எல்லாருக்கும் தெரியும். சொல்றவனும் ஏமாறுவான்ங்கிறதுதான் யாரும் சொல்லித் தராதது. ரே ஹைமன்னு ஒருத்தர், பின்னாடி பெரிய சைக்காலஜி புரொபசர் ஆனவரு, சின்ன வயசுல கைரேகை பாத்து காசு சம்பாதிச்சாரு. மொதல்ல அவருக்கு நம்பிக்கை இல்ல, ஆனா வந்தவங்க எல்லாம் அப்படியே பொருந்துதுன்னு சொல்லச் சொல்ல அவருக்கே ரேகையில நம்பிக்கை வந்துடுச்சு. ஸ்டான்லி ஜாக்ஸ்னு ஒரு சீனியர் மென்டலிஸ்ட் அவர்கிட்ட சொன்னாராம், ஒரு தடவை ரேகை சொல்றதுக்கு நேர் தலைகீழா சொல்லிப் பாருன்னு. சொல்லிப் பாத்தாரு. அதையும் ஜனங்க அவ்வளவு சரியா இருக்குன்னாங்க. ரேகை எதுவும் சொல்லல, கேக்கிறவங்கதான் இவர் சொன்னதை எடுத்து தன் வாழ்க்கையில எங்கெங்க ஒட்டுமோ அங்கங்க ஒட்டிக்கிட்டாங்கன்னு அவருக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சது. மென்டலிசம் கத்துக்கிற எல்லாருக்கும் மொத கிளாஸ்ல இந்தக் கதையைச் சொல்லணும். எனக்கு யாரும் சொல்லல.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, வைகாசி மாசம், முசிறிப் பக்கம் ஒரு ரிசப்ஷன். முன்வரிசையில ஒரு அம்மாவை எழுப்பி "தண்ணி தாண்டி இருக்கிற ஒருத்தரை நெனச்சுக்கிட்டே இருக்கீங்க"ன்னேன். வீட்டுக்கு ஒருத்தர் துபாய், சிங்கப்பூர்னு இருக்கிற பக்கம் அது, பெரிய வித்தையே இல்ல. அந்த அம்மா முந்தானையை வாயில வச்சுக்கிட்டு அழுதுடுச்சு, கூட்டம் கைதட்டுச்சு, நான் அடுத்த ஐட்டத்துக்குப் போயிட்டேன்.

ஷோ முடிஞ்சு பந்திக்குப் போறப்ப கை கழுவுற இடத்துல அந்த அம்மா என் கையைப் பிடிச்சுக்கிச்சு. "தம்பி, எம்பையன் போன் பண்ணி எட்டு மாசம் ஆச்சுப்பா, உசுரோட இருக்கானான்னு மட்டும் சொல்லிருப்பா." எனக்கு அன்னிக்குச் செம அசதி, பசி, அவங்க முகத்தைப் பாத்து எதையாவது சொல்லி அனுப்பிடணும்னு தோணுச்சு. "நல்லா இருக்காரும்மா, ஆடி முடிஞ்சதும் சேதி வரும்"னு சொல்லிட்டேன். இடுப்புல சொருகியிருந்த சுருக்குப்பையில இருந்து நாலா மடிச்ச ஐந்நூறு ரூபா நோட்டை எடுத்து நீட்டுச்சு. நான் வாங்கல. வாங்காததால தப்பு பண்ணலன்னும் நெனச்சுக்கிட்டேன்.

புரட்டாசி மாசம் மாப்பிள்ளையோட சித்தப்பா போன் பண்ணாரு. அந்த அம்மா அவருக்கு ஒண்ணுவிட்ட அக்காவாம். கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கலாம், தூதரகத்துக்கு எழுதலாம்னு வீட்டுல எல்லாரும் நாலு மாசமா சொல்லியும், "அந்தத் தம்பி சொல்லிட்டாரு, சேதி வரும், மனு கினுன்னு போய் அவனுக்கு அங்க பிரச்சினை ஆக்கிடாதீங்க"ன்னு தடுத்துக்கிட்டே இருந்திருக்கு. நாலு மாசம் சார். நான் கை கழுவிக்கிட்டே சொன்ன ஒரு வரி.

அடுத்த திங்கக்கெழமையே குறைதீர் நாளுக்கு நானும் கூடப் போனேன். பாஸ்போர்ட் காப்பி, கடைசியா பேசின நம்பர், வேலைக்கு அனுப்பின ஏஜென்ட் விவரம் எல்லாத்தையும் சேத்து மனு குடுத்தோம். ஐப்பசியில தகவல் வந்துச்சு, பையன் உயிரோட இருக்காரு, பாஸ்போர்ட்டையும் போனையும் முதலாளி பிடுங்கி வச்சிருந்திருக்காரு. தை பொறக்குறதுக்குள்ள ஊருக்கும் வந்துட்டாரு.

அந்த அம்மா வீட்டுக்குப் போய் உக்காந்து, அன்னிக்கு நான் சொன்னது வெறும் ஊகம்மா, எனக்கு ஒண்ணும் தெரியாது, இப்படி இப்படித்தான் பண்ணுவோம்னு ஒண்ணு விடாம சொன்னேன். கேட்டுட்டு சிரிச்சாங்க. "ஆடிக்கப்புறம்னுதான சொன்ன தம்பி, ஐப்பசியும் ஆடிக்கப்புறம்தான? பெரியவங்க இப்படித்தான் தன்னால சொல்லிக்க மாட்டாங்க." அதுக்கப்புறம் அந்தப் பக்கத்துல இருந்து ரெண்டு குடும்பம் தட்டுல வெத்தல பாக்கு எலுமிச்சம்பழத்தோட என் வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சு. ஒருத்தருக்குப் பொண்ணோட கல்யாணம், இன்னொருத்தருக்கு கேன்சர்னு ரிப்போர்ட். ஒவ்வொருத்தரா உக்கார வச்சு எனக்கு எதுவும் தெரியாதுன்னு புரிய வைக்கிறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு, கடைசியில புரிஞ்சுதான் போனாங்களாங்கிறதும் சந்தேகம்தான்.

உலகப் புகழ் மேஜிக்காரர் ஹூடினிக்கே இதுதான் நடந்துச்சு, இல்லன்னு சொன்னாலும் நம்ப மாட்டாங்க. கஷ்டப்பட்ட காலத்துல, 1890-கள் கடைசியில, அவரும் அவர் சம்சாரமும் ஊர் ஊரா போய் செத்தவங்க கூடப் பேசுறதா ஷோ பண்ணியிருக்காங்க, கல்லறையில பேரு தேதி எல்லாம் முன்னாடியே போய்ப் பாத்துட்டு வந்து. அதை நெனச்சுப் பின்னாடி வருத்தப்பட்டாரு, ஆவி பேசுதுன்னு காசு பிடுங்கினவங்களை வெளிச்சம் போட்டுக் காட்டுறதையே வேலையா வச்சிருந்தாரு, காசுக்குக் குறி சொல்றதைத் தடுக்கச் சட்டம் வேணும்னு 1926-ல அமெரிக்கப் பார்லிமென்ட்ல போய் சாட்சி சொன்னாரு. ஆனா அவர் ஃபிரெண்டா இருந்த ஆர்தர் கானன் டாயில், ஷெர்லாக் ஹோம்ஸையே எழுதினவரு, ஹூடினிக்கு நெஜமாவே தெய்வீக சக்தி இருக்கு, மறைக்கிறாருன்னு கடைசி வரைக்கும் நம்பினாரு. அவ்வளவு படிச்ச மனுஷனையே திருப்ப முடியல, முசிறி அம்மாவை நான் எங்க திருப்ப?

அதனாலதான் கெஞ்சிக் கேக்கிறேன், சொல்ல வேண்டியதை ஷோவுக்கு முன்னாடியே சொல்லிடணும். இப்ப நான் மைக் எடுத்ததும் சொல்றது, "இது சக்தி இல்ல, பயிற்சி, நீங்க பேசுறதை வச்சு ஊகிக்கிறேன், தப்பாவும் போகும்". இதைச் சொன்னா ஷோ படுத்துடும்னு என்கூட இருக்கிறவங்க சொன்னாங்க. படுக்கல, அதே கைதட்டுதான் வருது. செத்தவங்க, காணாமப் போனவங்க, வியாதி, குழந்தை, கோர்ட் கேஸ், இதுல கேள்வி வந்தா ஊகிக்கவே மாட்டேன், "எனக்குத் தெரியாது, டாக்டர்கிட்ட போங்க, போலீஸ்கிட்ட போங்க"ன்னு அங்கேயே நிறுத்திடுறேன். தனியா யார் கையைப் பிடிச்சாலும் மேடையில சொன்னதைத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் பேசுறேன். கத்துக்கிட்ட வாய் தன்னால பேசப் பாக்கும், அதை அடக்கத்தான் எனக்கு ரொம்ப நாள் ஆச்சு, ரெண்டு நாள் கிளாஸ்ல அது வராது.

பதினாலு பதினஞ்சு வயசுப் பசங்களுக்கு இதைச் சொல்லிக் குடுக்கிறதுல எனக்கு ஆட்சேபணை இல்ல, நல்லாவே சொல்லிக் குடுக்கலாம், நாளைக்கு ஒருத்தன் வந்து ஏமாத்தினா கண்டுபிடிக்கவாவது உதவும். ஆனா அடுத்த தடவை இப்படி ஒரு வகுப்பைப் பத்தி உங்க பேப்பர்ல போடுறப்ப, நடத்துறவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டு அந்தப் பதிலையும் சேத்துப் போடுங்க சார்: ஒருத்தர் அழுதுக்கிட்டே வந்து கையைப் பிடிச்சா என்ன சொல்லணும்னு பசங்களுக்குச் சொல்லித் தர்றீங்களா?

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
திருச்சி.